முப்பத்தெட்டரை டிகிரி

பத்து டிகிரி கோணத்தில் தொடங்கி எண்பதில் முடியும். நிமிடத்துக்கு ஒரு டிகிரி, ஆக எழுபது நிமிடம். சேவுகன் அண்ணன் எக்ஸ்ரே எந்திரத்தின் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தி, மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, "உக்காந்து பாத்துக்கங்க தாயி, ஒரு வாய் சாப்புட்டு வந்துர்றேன்" என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மணி இரண்டு பத்து. கல்லூரி முழுக்க ஒழுங்காக ஏசி வேலை செய்கிற அறை இது ஒன்றுதான், அதுவும் எந்திரத்துக்காகப் போட்டது. எந்திரத்துக்கு வேர்த்தால் துறைத்தலைவர் ஓடி வருவார். நான் ஆறு வருடமாக மாடியில் வேர்த்துக்கொண்டிருக்கிறேன், யாரும் வந்து எட்டிப் பார்த்ததில்லை. உள்ளே வட்டத் தட்டில் சமமாகத் தேய்த்த பச்சைப் பொடி. நிக்கல் ஹைட்ராக்சைடு. திரும்பத் திரும்பச் சார்ஜ் போடுகிற பேட்டரியில் நேர்முனைக்குள் அடைக்கிற சரக்கு. பார்க்க லட்சணமாக இருக்கும், விரலில் பட்டால் எனக்கு அரிக்கும், ஆறு வருடமாக அரிக்கிறது. திரையில் கோடு தரையோடு தரையாக ஊர்கிறது. முப்பத்தெட்டரை டிகிரியில் கோடு எழும்பி ஒரு பீக் வரும். அது அகலமாக வந்தால் நான் பிழைத்தேன். ஊசியாக வந்தால், பத்து மாதத்துக்கு முன் என் பெயரில் வெளியான கட்டுரை பொய், ஆய்வேட்டில் நான்காம் அத்தியாயம் பொய், கோயம்புத்தூரில் கோகிலவாணி என்கிற பெண்ணைக் கையாலாகாதவள் என்று எட்டு மாதமாக எல்லோரும் சொல்லிக்கொண்டிருப்பதும் பொய். முதல் இரண்டும் பொய்யாகிவிடக் கூடாதே என்று தவிக்கிறேன். மூன்றாவது பொய்யாக வேண்டுமே என்று ஏன் அதே வேகத்தில் தவிக்கவில்லை என்று என் மேலேயே எரிச்சல் வருகிறது. பன்னிரண்டு டிகிரி.

அந்தப் பெண் மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். முகம்கூடத் தெரியாது. என் கட்டுரையைப் படித்துவிட்டு, அதில் சொன்னபடியே செய்து பார்த்து, அதற்கு மேல் தன் ஆராய்ச்சியைக் கட்டலாம் என்று நினைத்த பாவம் அவளுடையது. சோடியம் ஹைட்ராக்சைடை நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொட்டு வீதம் விட வேண்டும் என்று எழுதியிருந்தேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்து சொட்டு எண்ணியிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, ஏழு தடவை. முதல் மெயில் பணிவாக இருந்தது, இரண்டாவது இன்னும் பணிவாக, ஐந்தாவதில் பணிவைத் தவிர வேறு எதுவும் மிச்சம் இல்லை. போன வாரம் போனிலேயே வந்துவிட்டாள். "மேடம், தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. ஏழு தடவ பண்ணிட்டனுங்க. கனவுல கூடச் சொட்டுதுங்க. ஊசி ஊசியாத்தான் வருது. நீங்க பேப்பர்ல எழுதாம வுட்டது ஏதாச்சும் இருக்குதுங்களா?" எழுதாமல் விட்டது. எனக்குச் சுருக்கென்றது. என்ன கேள்வி இது, நான் என்ன மறைத்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறேனா? பிஎச் பாருங்க, தண்ணி பாருங்க, கெமிக்கல் எந்த கம்பெனி பாருங்க என்று அடுக்கினேன். எல்லாம் பார்த்தேனுங்க என்றாள். வருகிற திங்கட்கிழமை காலை அவளுடைய கமிட்டி கூடுகிறது, இதுவும் சரியாக வரவில்லையென்றால் பதிவை ரத்து செய்யச் சொல்லி அவள் சாரே எழுதிக் கொடுக்கப்போகிறாராம். அதையும் ஏதோ மழை வரும்போலிருக்கிறது என்பது போலச் சொன்னாள். போனை வைத்த பிறகு மாடிக்குப் போய் அன்றைக்குக் கழுவ வேண்டியிருந்த பீக்கர் அத்தனையையும் கழுவினேன், இரண்டை உடைத்தேன். என் கைடு தியாகேசன் சாரிடம் சொன்னபோது கண்ணாடியைக்கூடக் கழற்றாமல், "சிலருக்குக் கை ராசி கிடையாதும்மா. நீ உன் வேலையப் பாரு" என்றார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இப்போது காறித் துப்பலாம் போலிருக்கிறது.

பத்தொன்பதில் முதல் பீக் எழுந்து இறங்கிவிட்டது. அதைக் கணக்கில் எடுக்க முடியாது, அது அடுக்கு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். இந்தப் பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு சீட்டுக்கட்டு. சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, விளிம்பு பிசகாமல் அடுக்கியிருந்தால் அது குறையில்லாத படிகம், புத்தகத்தில் படம் போடலாம், பேட்டரியில் போட்டால் சோம்பேறி. சார்ஜ் ஏறும்போது ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் புரோட்டான் வெளியே வர வேண்டும், இறங்கும்போது திரும்ப உள்ளே போக வேண்டும், ஒழுங்கான கட்டில் அது நகரவே மாட்டேன் என்று நிற்கும். நடுவில் நாலு சீட்டு பக்கவாட்டில் நழுவியிருந்தால்தான் அதற்கு வழி. குறை இருந்தால்தான் வேலை செய்யும். கிராமுக்கு நூற்றைம்பது மில்லியாம்பியர்-மணி மின்சாரம் தருகிற சரக்கு இருநூற்றைம்பத்தைந்து தந்தது, என் இருபத்துமூன்றாம் சாம்பிளில். எக்ஸ்ரேயில் அந்தக் குறை எப்படித் தெரியும் என்றால், முப்பத்துமூன்றில் வருகிற பீக் ஒரு சீட்டுக்குள்ளே இருக்கிற ஒழுங்கை மட்டும் பார்க்கும், அது எப்போதும் ஊசிதான். முப்பத்தெட்டரையிலும் ஐம்பத்திரண்டிலும் வருகிறவை சீட்டுகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பார்க்கும். நழுவியிருந்தால் அவை இரண்டும் தொய்ந்து அகலமாகிவிடும். பழைய படம் என் மடியில் இருக்கிறது. முப்பத்தெட்டரையில் பீக் என்று சொல்ல முடியாத ஒரு மேடு, சாப்பிட்டுப் படுத்திருக்கிறவன் வயிறு மாதிரி. அதைப் பார்த்துத்தான் தியாகேசன் சார் முதல் தடவையாக என்னை உட்காரச் சொன்னார். மெதுவாகச் சொட்டுவிட்டதால்தான் இந்தக் குறை உண்டாயிற்று என்று அவரே ஒரு விளக்கம் கண்டுபிடித்தார், நான் எழுதினேன், வெளிநாட்டில் இரண்டு பேர் படித்துப் பார்த்துச் சரி என்றார்கள். யாராவது ஒருத்தர் கேட்டிருக்கலாம். பொடியை எவ்வளவு நேரம் அரைத்தாய் என்று ஒரே ஒருத்தர்.

கேட்டது சேவுகன் அண்ணன். கேட்கக்கூட இல்லை, நேற்று சும்மா சொன்னார். கோகிலவாணி அனுப்பிய படத்தை பிரிண்ட் எடுத்து என் படத்துக்குப் பக்கத்தில் வைத்து வெறித்துக்கொண்டிருந்தேன். பிரிண்டருக்குத் தாள் போட வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது சரியா அரைக்காத சாம்பிளுதான தாயி? நீங்க அன்னைக்கி என்னா அரை அரைச்சீக. நான்கூட சொன்னேன்ல, கல்லே தேஞ்சிரும்னு" என்றார். எனக்கு முதலில் எந்த அன்றைக்கு என்று விளங்கவில்லை. விளங்கியபோது காது அடைத்தது. ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு புதன்கிழமை. டெல்லியிலிருந்து ஆய்வுக்குழு வந்திருந்தது, மூன்று ஆண்கள், ஒரு அம்மாள். தியாகேசன் சார் ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொண்டே வந்தார். ரகுராமன் பேட்டரி டெஸ்டிங், பெனடிக்ட் மாடலிங். என்னிடம் வந்ததும், "இவங்க மங்களா. எங்க லேப்ல பாத்திரம் கழுவுற டிபார்ட்மெண்டுக்கு ஹெட்" என்றார். வீழ்படிவைப் பதினோரு தடவை தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும், உப்பு போகும்வரை, அதைச் சொல்கிறாராம். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்தார். நானும் சிரித்தேன். மங்களேஸ்வரி என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது, எம்.எஸ்ஸி.யில் பல்கலைக்கழக இரண்டாமிடம், அந்தக் கழுவலுக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று அந்த அறையில் மற்ற எவரையும்விட எனக்குத் தெரியும், நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் கெட்டவராக இருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர்தான் காரைக் கொடுத்து டிரைவரையும் அனுப்பினார். மனசறிந்து எதுவும் செய்யவில்லை, அது ஒரு ஜோக், மறுநாளே அவருக்கு மறந்திருக்கும். பதினோரு மணிக்கு அவர்கள் டீக்குப் போனார்கள். நான் அகேட் கல் மார்ட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளங்கையளவு குழி, அதே கல்லில் ஒரு குழவி. இருபத்துமூன்றாம் சாம்பிளை அதில் கொட்டினேன்.

இருபத்தாறு. விரலிடுக்கில் பொடியை நசுக்கிப் பார்த்து நெறுநெறுப்பு இல்லையென்றால் போதும், அதுதான் எங்கள் லேப் வழக்கம், பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நோட்டில் நன்கு அரைக்கப்பட்டது என்று இரண்டு வார்த்தை எழுதுவோம். எல்லா லேபிலும் அதே இரண்டு வார்த்தை. வெப்பநிலையைப் புள்ளி வைத்து எழுதுவோம், எடையை நாலு தசமத்துக்கு எழுதுவோம், ஊதினால் தராசு ஆடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுப்போம். எத்தனை நிமிடம் அரைத்தோம், எவ்வளவு அழுத்தினோம், அப்போது யாரை மனதில் வைத்திருந்தோம், ஒன்றும் கிடையாது. அது கை வேலை, கை வேலையை எவன் எழுதுவான். எனக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், கை திறந்துகொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பரமக்குடியில் அம்மா, "நீ தொவச்சா துணிக்கு ஆயுசு கம்மிடி" என்பாள். அண்ணன் வீட்டில் சப்பாத்தி பூப்போல வந்தால் அன்றைக்கு யாரோ என்னை ஏதோ சொல்லியிருக்கிறார்கள், நான் பதில் சொல்லவில்லை, மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன் என்று அர்த்தம். மதினி சாப்பிட்டுவிட்டு, கைப்பக்குவம் என்பாள். அந்தப் புதன்கிழமை குழவியைச் சுற்றிச் சுற்றி, அழுத்தி அழுத்தி, தோளிலிருந்து சுற்றினேன். டெல்லி அம்மாளின் சிரிப்பை அரைத்தேன். என் சிரிப்பைத்தான் அதிகம் அரைத்தேன், அது அரைபடவே இல்லை. சேவுகன் அண்ணன் சாம்பிள் வாங்க வந்து நின்று, "கல்லே தேஞ்சிரும் தாயி" என்றபோது மணி பன்னிரண்டு நாற்பது. ஒரு மணி நாற்பது நிமிடம். மணிக்கட்டு இரண்டு நாள் வீங்கியிருந்தது. சீட்டுகள் நழுவாமல் என்ன செய்யும். அதற்குப் பிறகு எங்கள் லேபின் இன்னொரு வழக்கம், பொடி வீணாகக் கூடாது என்று எக்ஸ்ரே பார்த்ததைச் சுரண்டித் திரும்ப பாட்டிலில் போட்டு அதிலேயே மின்முனை செய்தோம். ஆகையால் இருநூற்றைம்பத்தைந்து உண்மை. குறை உண்மை, குறையால் கொள்ளளவு கூடியதும் உண்மை. சொட்டு மட்டும் பொய். சொட்டைத்தான் அந்தப் பெண் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் இது இன்னும் சந்தேகம்தானே, முப்பது டிகிரிகூட ஆகவில்லையே. ஈரம் ஏறாமல் பொடியை வைக்கிற டெசிகேட்டரின் அடித்தட்டில் ஒரு பழைய கண்ணாடித் தட்டு கிடந்தது நேற்று, 23 என்று என் கையெழுத்து. அன்றைக்கு அரைத்தது போக மிஞ்சிய காய்ந்த கட்டி. அதே நாள், அதே சொட்டு, அதே பதினோரு கழுவல், என் கோபம் மட்டும் படாதது. இன்று காலை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்தே நிமிடம், குழந்தைக்கு மருந்து உரசுகிற மாதிரி அரைத்தேன். அதுதான் இப்போது உள்ளே இருக்கிறது. அகலமாக வந்தால் என் கை குற்றவாளி இல்லை. போன் அடிக்கிறது. தியாகேசன் சார். "என்னம்மா மங்களா, எக்ஸ்ஆர்டி ரூம்லயா இருக்க? என்ன சாம்பிள்?" "சும்மா ஸ்டாண்டர்டு சார், மிஷின் சரியா இருக்கான்னு." எவ்வளவு வழுக்கிக்கொண்டு வருகிறது பொய். "அதெல்லாம் சேவுகன் பாத்துப்பான். திங்கக்கெழம உன் தீசிஸ் சினாப்சிஸ உள்ள போட்ரணும், இதுக்கு மேல எக்ஸ்டென்ஷன் நான் கேக்க முடியாது, தெரியுமில்ல?" "தெரியும் சார்." "நாலாவது சாப்டர்தான் உனக்கு உசிரு. அத மொதல்ல வச்சுரு." சரிங்க சார். ஆறு வருடத்தில் நான் அவரிடம் அதிகம் சொன்ன வாக்கியம் சரிங்க சார். இரண்டாம் தடவை அதே சாம்பிளைத் தயாரித்தபோது பாதிதான் வந்தது, மேடு பாதி, கொள்ளளவு கூடியதும் பாதி. அன்றைக்குக் கோபமும் பாதியாக இருந்திருக்கும். "போக்கு தெரியுதுல்ல, போதும், மொதல்ல வந்ததையே போடு" என்றார். சரிங்க சார் என்றேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, கோகிலவாணி போனில் கேட்டபோதும் சொல்லவில்லை. அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஞாபகம் வந்தது. பிஎச் பாருங்க என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே வந்தது.

முப்பத்துமூன்று. ஊசி. அது எப்போதும் ஊசிதான், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. முப்பத்தைந்து. தண்ணீர் குடிக்கலாம் என்று பாட்டிலைத் திறந்துவிட்டு மூடிவிட்டேன். முப்பத்தேழு. கோடு லேசாக நடுங்கிக்கொண்டே போகிறது, தரையை விட்டு எழவில்லை. அகலமான பீக்காக இருந்தால் இந்நேரம் மேடு தட்டத் தொடங்கியிருக்க வேண்டும், பழைய படத்தில் முப்பத்தாறரையிலேயே ஏறியிருக்கிறது. முப்பத்தெட்டு. தரை. முப்பத்தெட்டு புள்ளி இரண்டு. தரை. பிறகு கோடு நிமிர்ந்தது. திரையின் உச்சி வரைக்கும் போய், நின்று, அதே வழியில் இறங்கியது. முப்பத்தெட்டு புள்ளி ஏழில் மறுபடியும் தரை, எதுவும் நடக்காதது போல. நான் கொஞ்ச நேரம் கதவில் ஒட்டியிருக்கிற கதிர்வீச்சு எச்சரிக்கை நோட்டீஸைப் படித்தேன். கர்ப்பிணிகள் உள்ளே வரக் கூடாது. முழுசாகப் படித்தேன். இன்னும் ஐம்பத்திரண்டு இருக்கிறது, ஒன்றைவைத்து முடிவு கட்டக் கூடாது என்று மனசு உடனே வக்கீல் வைக்கிறது. தட்டைச் சமமாகத் தேய்க்காமல் இருந்திருக்கலாம். துகள்கள் ஒரே பக்கமாகப் படுத்திருக்கலாம். ஒன்றரை வருடம் கிடந்ததில் கட்டி தன்னால் ஒழுங்காகியிருக்கலாம், என்ன கண்றாவி இது, உலகத்தில் எந்தப் படிகம் டெசிகேட்டரில் கிடந்து திருந்தியது. கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியாமல் வருகிறது, நாற்காலியின் பிளாஸ்டிக் விளிம்பை நகத்தால் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். கைதான், மறுபடியும் கை.

நாற்பத்தைந்து. யாருக்கும் தெரியாது. அதை முதலில் நினைத்தேன், மறைக்க மாட்டேன். ஃபைலை அழித்துவிட்டால் போயிற்று, சேவுகன் அண்ணன் அழிந்த ஃபைலைத் தேடுகிறவர் இல்லை. அதைவிடச் சுலபம், இந்தப் பொடியையே எடுத்துப்போய் இன்னும் ஒன்றரை மணி நேரம் அரைத்துக் கொண்டுவந்து போட்டால் மேடு வந்துவிடும், இன்றைக்கு இருக்கிற ஆத்திரத்துக்கு ஒரு மணி நேரம்கூட வேண்டாம். அடுத்தது இன்னும் அழகாக வந்தது, தியாகேசன் சார் குரலிலேயே வந்தது. அரைப்பதால் குறை வருகிறது, குறையால் கொள்ளளவு கூடுகிறது, இதையே புதுசாக ஒரு பேப்பர் போட்டுவிடலாம் மங்களா, பழசைத் தொடாதே, அது பாட்டுக்குக் கிடக்கட்டும். கேட்டிருந்தால் அவர் இதைத்தான் சொல்லியிருப்பார். அவர் சொல்வதற்கு முன்னால் நானே நினைத்துவிட்டேன், அவ்வளவு நல்ல மாணவி நான். அந்தப் புதுப் பேப்பர் வெளிவர ஆறு மாதம் ஆகும். திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரு சனி, ஒரு ஞாயிறு. சினாப்சிஸ் கொடுக்காவிட்டால் எனக்கும் பதிவு போகும், முப்பத்துமூன்று வயதில் பரமக்குடிக்குப் போய் என்ன சொல்வது, பொடியை அதிகம் அரைத்துவிட்டேன் அம்மா என்றா. இந்தப் பெண் ஏன் வேறு கட்டுரையைப் படித்திருக்கக் கூடாது. உலகத்தில் நிக்கல் ஹைட்ராக்சைடைப் பற்றி எழுதினவள் நான் ஒருத்தியா. இப்படி நினைத்தேன், நன்றாகவே நினைத்தேன், நினைத்து முடிப்பதற்குள் ஐம்பத்திரண்டில் கோடு எழுந்தது. ஊசி. முதல் ஊசியைவிட இன்னும் மெல்லிசு.

சேவுகன் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து திரையைப் பார்த்தார். "ஊசியால்ல வந்துருக்கு." "ஆமாண்ணே." "அப்ப அன்னைக்கி அரைச்சதுதேன்." "ஆமாண்ணே." அவர் ரிஜிஸ்டரை எடுத்து வைத்து, சாம்பிள் எண் என்ற இடத்தில் 23 என்று எழுதிவிட்டு, குறிப்பு என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, "என்னா போட?" என்று கேட்டார். பத்து நிமிசம் அரைச்சதுன்னு போடுங்க என்றேன். அந்தக் கட்டத்தில் இதுவரை யாரும் எதையும் எழுதியதில்லை, அவர் பக்கத்தை முன்னால் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். நான் வராந்தாவுக்கு வந்தேன். வெயில் முகத்தில் அறைந்தது. போனை எடுத்தேன்.

"மேடம், சொல்லுங்க மேடம்" என்றாள். அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. ஒரே மூச்சில் சொன்னேன், புதன்கிழமை, மார்ட்டர், ஒரு மணி நாற்பது நிமிடம், இரண்டாம் தடவை பாதிதான் வந்தது, இன்றைக்கு ஊசியாக வந்தது, உங்க கையில குத்தம் ஒண்ணும் இல்லை, நீங்க செஞ்ச ஏழும் சரி. ஏன் அவ்வளவு நேரம் அரைத்தேன் என்று மட்டும் சொல்லவில்லை, அது அவளுக்கு எதற்கு.

"ஒரு மணி நாப்பது நிமிசமுங்களா?"

"ஆமா."

"அத எழுதறதுக்கு எவ்வளவு எடம் வேணுமுங்க மேடம்? அரை வரி ஆகுமுங்களா?"

அரை வரிகூட ஆகாது என்றேன்.

"எட்டு மாசமா என் கையவே பாத்துட்டு உக்காந்திருந்தனுங்க. எங்க சாரு எல்லாத்து முன்னாலயும் சொல்லுவாருங்க, இவ தொட்டா வெளங்காதுன்னு. நானும் ஆமான்னு நெனச்சுட்டனுங்க. எங்கம்மாகிட்ட, எனக்கு இந்தப் படிப்பு ஒத்து வராதும்மான்னு சொல்லிப்போட்டேன். நேத்து ஹாஸ்டல் ரூமக் காலி பண்றன்னு எழுதிக் குடுத்து, இப்பப் பெட்டியத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கறனுங்க. ரெண்டாந் தடவ பாதிதான் வந்துச்சுன்னு போன வாரம் நாங் கேட்டப்பவே உங்களுக்குத் தெரியுமுங்கல்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுட்டேதான் பிஎச் பாருன்னீங்களா?"

குரல் உயரவே இல்லை. ஒரு இடத்தில்கூட மரியாதை குறையவில்லை. என்னிடம் யாரும் இப்படி உறைக்கிற மாதிரி கோபப்பட்டதில்லை, நானும் யாரிடமும் பட்டதில்லை. எதையும் உடைக்காமல், எதையும் அரைக்காமல், யார் மேல் கோபமோ அவரிடமே நேராகச் சொல்லலாம் என்பது முப்பத்துமூன்று வருடமாக எனக்குத் தோன்றவே இல்லை. சாரி என்றேன்.

"சாரி வேண்டாமுங்க. எங்க கமிட்டிக்கு எழுதுங்க. பேப்பர் போட்ட ஜர்னலுக்கும் எழுதுங்க. திங்கக்கெழமைக்கு இல்லீங்க, இன்னிக்கே. எழுதுவீங்களா மாட்டீங்களா, அத மட்டும் சொல்லுங்க. பஸ் வந்துருச்சு, நான் ஏறறதா வேண்டாமான்னு தெரியோணும்."

"ஏறாதீங்க" என்றேன். "எழுதறேன்."

"அனுப்பீட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் இங்கயே நிக்கறனுங்க" என்று வைத்துவிட்டாள்.

எக்ஸ்ரே அறைக்குள் திரும்பிப்போய் சேவுகன் அண்ணனின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ஓட்டம் முடிந்து எந்திரம் மூன்று தடவை கூவியது, அவர் எழுந்து போய் நிறுத்தினார். மெயிலில் இரண்டு படத்தையும் சேர்த்தேன், பழைய மேடு, புது ஊசி. துரதிர்ஷ்டவசமாக என்று தொடங்கினேன், அழித்தேன். கவனக்குறைவினால் என்று எழுதினேன், அதையும் அழித்தேன், அந்த ஒரு மணி நாற்பது நிமிடத்தில் என் கவனம் ஒரு நொடிகூடக் குறையவில்லை. நான் இந்தச் சாம்பிளை இவ்வளவு நேரம் அரைத்தேன், கட்டுரையில் அதை எழுதவில்லை, இரண்டாம் முறை இதே முடிவு வரவில்லை, அதையும் எழுதவில்லை, கோகிலவாணியின் ஏழு முடிவுகளும் சரி, எங்களுடையதுதான் தவறு. என் முழுப் பெயரைப் போட்டேன். பெறுநர் வரிசையில் அவள் கமிட்டி, அவள் சார், ஜர்னல். நகல் வரிசையில் தியாகேசன் சார். அவர் பெயரில் முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் கம்ப்யூட்டர் மீதியைத் தானே நிரப்பிக் கொடுத்தது. அனுப்புகிற பட்டனை அழுத்தினேன். போய்விட்டது. அனுப்பிட்டேன் என்று அவளுக்கு ஒரு செய்தி தட்டினேன், இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

நாலு நிமிடம்கூட ஆகவில்லை, தியாகேசன் சார் கூப்பிட்டார். சேவுகன் அண்ணன் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நான் வெளிய நிக்கட்டுமா என்று கண்ணால் கேட்டார். வேண்டாம், இருங்க என்றேன். எடுத்தேன். "மங்களா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க, யாரக் கேட்டு..." என்று அவர் தொடங்கினார்.

"சார்" என்றேன். "நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க பேசக் கூடாது."